இருவர் அணி ஸ்னூக்கர்: நம்ம ஊர்களுக்குள்ளே ஒரு போட்டி வைக்கலாமா?

செக்காலைக்காரன் (காரைக்குடி) எழுதியது:

ரொம்ப நாளாக மனதில் கிடந்த விஷயம். இன்று எழுதியே விடுகிறேன்.

2018 மார்ச்சில் தோஹாவில் ஐ.பி.எஸ்.எஃப். (சர்வதேச பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் சம்மேளனம்) நடத்திய அணிகளுக்கான ஸ்னூக்கர் உலகக் கோப்பை. இறுதி ஆட்டம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும். நம் பக்கம் பங்கஜ் அத்வானி, மனன் சந்திரா. எதிரே முகமது ஆசிஃப், பாபர் மசீஹ். ஆசிஃப் லேசுப்பட்டவர் இல்லை, 2012இல் உலக அமெச்சூர் பட்டம் வென்றவர். ஐந்து ஃபிரேமில் (ஃபிரேம் என்றால் பந்துகளை அடுக்கித் தொடங்கி முடியும் ஒரு தனி ஆட்டம்) மூன்றை எடுப்பவர்களுக்குக் கோப்பை. முதல் இரண்டு ஒற்றையர் ஃபிரேமும் கைவிட்டுப் போய்விட்டது. அத்வானியே ஒன்றை இழந்திருந்தார். 0-2. மூன்றாவது இரட்டையர். அதிலும் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதை ஜெயித்தார்கள். அப்புறம் எதிராளி மாறி ஆடும் இரண்டு ஒற்றையர். நாலாவதை அத்வானி எடுத்தார், கடைசியை மனன் சந்திரா எடுத்தார். 3-2.

எனக்கு இன்றும் மனதில் நிற்பது அந்த மூன்றாவது ஃபிரேம்தான். தோற்றுவிட்டு வந்த இரண்டு பேர் ஒரே மேசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்து எழுந்த ஃபிரேம்.

எங்கள் கிளப்பில் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஆடுகிறார்கள். பாட் போடுவதில், அதாவது பந்தைப் பாக்கெட்டில் விழ வைப்பதில், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் தன் முறை முடிந்து நாற்காலிக்கு வந்ததும் செல்போனை எடுத்துவிடுகிறார்கள். எதிராளி மேசையில் என்ன விட்டுவைத்தான், ஏன் அப்படி விட்டான் என்று பார்ப்பதே இல்லை. ஒரு கூட்டாளியோடு சேர்த்து ஆட வைத்தால் இது மாறும் என்று நம்புகிறேன்.

என் யோசனை: ஊருக்கு ஒரு அணி, அணிக்கு இரண்டு பேர். காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், கண்டனூர், புதுவயல், ஆத்தங்குடி என்று எட்டு அணி கிடைத்தால் போதும். உலகக் கோப்பை முறையிலேயே ஐந்து ஃபிரேம்: இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர், ஆள் மாற்றி மறுபடி இரண்டு ஒற்றையர். சொல்லுங்கள்.


கோட்டையூரான் எழுதியது:

அண்ணே, உங்கள் ஆர்வத்துக்கு வணக்கம். ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்னூக்கர் ஒற்றை ஆள் ஆட்டம். எதிராளி தொடர்ந்து நூறு புள்ளி அடிக்கும்போது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கப் பழகுவதுதான் இதன் பாதிப் பயிற்சி. கபடி மாதிரி, வாலிபால் மாதிரி இதைக் குழுவாக்கினால் அந்தத் தனிமையின் கனம் போய்விடும்.

தொழில்முறை ஆட்டத்தையே பாருங்கள். அணிகளுக்கான உலகக் கோப்பை 1979இல் தொடங்கியது. 1990இல் நின்றது. 1996இல் ஒருமுறை நடந்தது. 1999 முதல் 2001 வரை நேஷன்ஸ் கப் என்ற பெயரில் மூன்று ஆண்டு. பிறகு 2011, 2015, 2017, 2019. அவ்வளவுதான். ஷெஃபீல்டில் நடக்கும் ஒற்றையர் உலகப் போட்டியோ ஆண்டு தவறாமல் நடக்கிறது. எதற்கு வேர் பிடித்திருக்கிறது என்பது இதிலேயே தெரிகிறதே.

ஒற்றையர் போட்டி வையுங்கள். முதல் ஆளாக நான் பெயர் கொடுக்கிறேன்.


பழைய பேரேடு (தேவகோட்டை) எழுதியது:

கோட்டையூர்த் தம்பி சொன்ன ஆண்டுகள் எல்லாம் சரி. ஆனால் அந்த ஆண்டுகளுக்குள் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

1979இல் ஆறு அணிகள்தான். அப்போது அணிக்கு மூன்று பேர். ரே ரியர்டன், டெர்ரி கிரிஃபித்ஸ், டக் மவுன்ட்ஜாய் என்று மூவரும் சேர்ந்த வேல்ஸ் முதல் இரண்டு ஆண்டும் கோப்பையை எடுத்தது. வேல்ஸ் எவ்வளவு சின்ன நாடு! பக்கத்திலேயே இங்கிலாந்து இருக்கும்போது இது நடந்தது. 1982இல் கனடா: கிளிஃப் தோர்பர்ன், கிர்க் ஸ்டீவன்ஸ், பில் வெர்பெனியுக். தனித்தனியாகப் பார்த்தால் மூவரும் மூன்று விதம். தோர்பர்ன் அணு அணுவாக அரைப்பவர், ஸ்டீவன்ஸ் அடித்துத் தள்ளுபவர். சேர்த்து நிறுத்தியபோது இங்கிலாந்தின் கையிலிருந்த கோப்பை கனடாவுக்குப் போனது.

1985 முதல் மூன்று ஆண்டு தொடர்ந்து அயர்லாந்து. அலெக்ஸ் ஹிக்கின்ஸ், டென்னிஸ் டெய்லர், யூஜீன் ஹியூஸ். முதல் இருவர் வட அயர்லாந்து, ஹியூஸ் தெற்கே குடியரசைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் அந்தத் தீவில் குண்டு வெடிக்காத மாதம் குறைவு. அப்படியிருக்க மூவரும் ஒரே பெயரில் நின்று ஜெயித்தார்கள். 1990இல் வட அயர்லாந்து தனி அணியாக வந்தது. அந்தப் போட்டியிலேயே ஹிக்கின்ஸுக்கும் டெய்லருக்கும் பெரிய மனத்தாங்கல் ஆகி, ஊரறியப் போனது. இறுதியில் கனடாவிடம் தோற்றார்கள். அதே இரண்டு கைகள், அதே திறமை. பேச்சுவார்த்தை நின்ற வீட்டில் அடுப்பு எரியுமா? ஒற்றையர் ஆட்டத்தில் இப்படி ஒரு பாடம் கிடைக்காது தம்பி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்துக்கு வெள்ளைக்காரன் ஆட்டம் என்று பெயர், ஆனால் பிறந்தது நம் மண்ணில். 1875இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் கலர் பந்துகளைக் கூட்டி ஆடியது தொடக்கம். (பிரதமராக இருந்தாரே, அவர் இல்லை, இவர் வேறு.) விதிகளை முறையாக எழுதி 1882இல் சுவரில் ஒட்டியது ஊட்டி கிளப்பில். காரைக்குடியில் ராத்திரி பஸ் ஏறினால் மறுநாள் போய் நிற்கலாம். அந்த விதிகளில் வளர்ந்த ஆட்டத்தை நாம் எட்டு ஊர் சேர்ந்து ஆடுவதற்குத் தயக்கமே வேண்டாம்.


முதலாண்டு மாணவன் எழுதியது:

நான் காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிறேன், சொந்த ஊர் புதுவயல். பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒரே ஒரு விஷயம்.

2015 உலகக் கோப்பை சீனாவின் வூஷி நகரில் நடந்தது. 24 அணிகள். போட்டி நடத்தும் நாடு என்பதால் சீனாவுக்கு இரண்டு அணி. முதல் அணியில் டிங் ஜுன்ஹுய். இரண்டாவது அணியில் இரண்டு பையன்கள். ஜோ யுவேலொங்குக்கு 17 வயது, யான் பிங்டாவுக்கு 15. இறுதியில் எதிரே ஸ்காட்லாந்தின் ஜான் ஹிக்கின்ஸ், ஸ்டீஃபன் மெக்வயர். ஹிக்கின்ஸ் அப்போதே நான்கு முறை உலக சாம்பியன். பையன்கள் 4-1 என்று ஜெயித்தார்கள்.

ஒற்றையர் போட்டியாக இருந்தால் 15 வயதுப் பையன் அந்த மேடைக்கே வந்திருப்பானா? எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. எங்கள் வயதில் தனியாக ஒரு பெரிய போட்டிக்குப் போகக் கால் நடுங்கும். பக்கத்தில் ஒருவன் இருந்தால் போய்விடுவோம்.


கோட்டையூரான் எழுதியது:

தம்பி, நல்ல உதாரணம். ஆனால் அதன் மறுபக்கத்தையும் எழுத வேண்டியது என் கடமை. அந்த யான் பிங்டாவுக்கு 2023இல் மேட்ச் ஃபிக்ஸிங் வழக்கில் ஐந்தாண்டுத் தடை. 2011இலும் 2017இலும் டிங்கோடு சேர்ந்து இதே உலகக் கோப்பையை வென்ற லியாங் வென்போவுக்கு ஆயுள் தடை. அந்த வயதில் இப்படி ஒரு கை இருந்தும் வீணாகிப் போனதே என்று எனக்கு உண்மையிலேயே மனம் கனத்தது.

நாம் எந்தப் போட்டி வைத்தாலும் மேசையைச் சுற்றி ஒரு ரூபாய்கூடப் பந்தயம் இருக்கக் கூடாது. டீ பந்தயம்கூட வேண்டாம். இதற்கு எல்லோரும் சம்மதித்தால்தான் நான் மேற்கொண்டு பேசுவேன்.


செக்காலைக்காரன் எழுதியது:

முழுச் சம்மதம். விதிகளில் முதல் வரியாக அதைப் போடுகிறேன்.


ஆச்சிமகள் (பள்ளத்தூர், இப்போது மதுரை) எழுதியது:

பந்தய விஷயத்தைக் கோட்டையூர் அண்ணன் எடுத்ததற்கு நன்றி. ஸ்னூக்கர் ஆடுகிறேன் என்று முதல் முதலில் வீட்டில் சொன்னபோது எங்கள் அப்பச்சி கேட்ட கேள்வி, "அது சூதாடுற எடமாச்சே?" என்பதுதான். நான்கு ஆண்டு ஆனது அவரை ஒருமுறை கிளப்புக்குள் அழைத்துவர. வந்தார், ஓரமாக உட்கார்ந்தார், ஒன்றரை மணி நேரம் பேசவில்லை. போகும்போது, "எல்லாரும் அமைதியா இருக்காகளே" என்றார். அதன் பிறகு தடை சொன்னதே இல்லை.

அதனால் என் வேண்டுகோள்: அணியில் பெண்களுக்கும் இடம் வேண்டும். தனிப் பிரிவு என்று ஒதுக்க வேண்டாம், எண்ணிக்கை தேறாது. யாரோடு யாரும் சேரலாம் என்று விட்டுவிடுங்கள். 2013இல் அயர்லாந்தின் கார்லோ நகரில் பெண்கள் அணிகளுக்கான உலகப் பட்டத்தை வென்றது நம் வித்யா பிள்ளையும் சித்ரா மகிமைராஜும். வித்யா சென்னையில் பிறந்தவர். 2025 நவம்பரில் தோஹாவில் உலக அமெச்சூர் பெண்கள் பட்டத்தை வென்ற அனுபமா ராமச்சந்திரனும் சென்னைப் பெண்தான். ஹாங்காங்கின் இங் ஆன்-யீயை 3-2 என்று. அந்தக் கடைசி ஃபிரேம் முடியும்வரை எனக்கு மூச்சு முட்டியது.

நான் ஒரு அணியில் பெயர் கொடுக்கிறேன். கூட்டாளி யாராக இருந்தாலும் சரி, நேரத்துக்கு வந்தால் போதும்.


செக்காலைக்காரன் எழுதியது:

ஆச்சி, கண்டிப்பாக. யாரோடு யாரும் சேரலாம்.

இப்போது கணக்கு. எட்டு அணியை நான்கு நான்காகப் பிரித்தால் ஒரு குழுவுக்கு ஆறு ஆட்டம், இரண்டு குழுவுக்கும் பன்னிரண்டு. ஐந்து ஃபிரேமையும் ஆடியே தீர வேண்டும், ஜெயித்த ஃபிரேம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. வூஷியில் குழுச் சுற்று இப்படித்தான். 0-3 என்று போன பிறகும் மீதி இரண்டு ஃபிரேமுக்கு மதிப்பு இருக்கும், யாரும் க்யூ கோலைப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். ஆக 60 ஃபிரேம். அரையிறுதி, இறுதி சேர்த்தால் அதிகபட்சம் இன்னும் 15. நம் வேகத்துக்கு ஒரு ஃபிரேமுக்கு 40 நிமிடம் வைத்தால் மொத்தம் 50 மணி நேரம். கிளப்பில் இருப்பது இரண்டு மேசை. ஒரு மேசைக்கு 25 மணி நேரம். ஒரு சனி ஞாயிறில் முடியாது. மூன்றாவது மேசை ஒன்று கிடைத்தால் 17 மணி நேரத்துக்குள் அடங்கும்.

யாரிடமாவது முழு அளவு மேசை இருக்கிறதா? பன்னிரண்டுக்கு ஆறு அடி. சின்ன மேசை உதவாது.


எட்டுப் பங்கு (கானாடுகாத்தான்) எழுதியது:

எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் ஐயா பர்மாவில் கொண்டுவிற்கப் போயிருந்தபோது ரங்கூனில் ஆடப் பழகியவராம். திரும்பி வந்ததும் முகப்பை ஒட்டிய ஹாலில் மேசை போட்டார். கால்கள் எட்டும் பர்மாத் தேக்கு, என் இடுப்புக் கனம். மேலே ஐந்து கல் பலகை. ஒரு பலகையை நகர்த்த ஐந்து ஆள் வேண்டும். என் சின்ன வயதில் அதன் மேல் விரிப்புப் போட்டு, படைப்புச் சாமான்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அடியில் நாங்கள் ஒளிந்து விளையாடுவோம்.

வீடு எட்டுப் பங்கு. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் வாங்குகிறவர்கள் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கால்கள் மட்டும் போதுமாம், கல்லை உடைத்து எடுத்துக்கொள்வார்களாம். எனக்கு மனம் வரவில்லை. மூன்று ஆண்டுக்கு முன் என் கைக்காசைப் போட்டு, வெளியூரிலிருந்து ஒரு ஆளை வரவழைத்துப் புதுத் துணி போட்டேன். அதிலிருந்து ஒரு கோளாறு. பந்தை வேகமாக அடித்தால் நேராகப் போகிறது. குறுக்கே மெதுவாக உருட்டினால் கடைசியில் வளைகிறது. நீலப் பந்தை நடுப் பாக்கெட்டுக்கு மெதுவாக அனுப்பினால் பாக் கோட்டுப் பக்கம் (வெள்ளைப் பந்தை வைத்து ஆட்டம் தொடங்கும் முனை) இழுத்துப் போய் முனையில் இடிக்கிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், எல்லா இடத்திலும் குமிழ் நடுவில்தான் நிற்கிறது. துணி போட்டவர் போனை எடுப்பதில்லை. கல் தேய்ந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.


பச்சைத் துணி எழுதியது:

நான் இருபத்திரண்டு ஆண்டாக மேசைக்குத் துணி போடுகிற வேலை செய்கிறேன். கல் தேயாது ஐயா. ஒரு சின்ன காரியம் செய்யுங்கள். பாக் கோட்டுப் பக்கம் நின்று உள்ளங்கையைத் துணி மேல் வைத்து, கருப்புப் பந்து வைக்கும் பக்கமாக நீளவாக்கில் தடவுங்கள். பிறகு திரும்பி அங்கிருந்து இங்கே தடவுங்கள். எந்தப் பக்கம் வழவழப்பு, எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று எழுதுங்கள்.


எட்டுப் பங்கு எழுதியது:

இப்போதுதான் தடவிவிட்டு வருகிறேன். பாக்கிலிருந்து கருப்புக்குப் போகும்போது பூனையை வாலிலிருந்து தடவிய மாதிரி முரண்டுகிறது. திரும்பி வரும்போது பட்டு மாதிரி வழுக்குகிறது.


பச்சைத் துணி எழுதியது:

நினைத்தேன். துணியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள்.

கம்பளித் துணிக்கு ஒரு மயிர்வாக்கு உண்டு. அது பாக் பக்கத்திலிருந்து கருப்புப் பக்கம் நோக்கிப் படுத்திருக்க வேண்டும். பிரஷ் போடுவதும் இஸ்திரி போடுவதும் அந்தத் திசையில்தான். மெதுவாக உருளும் பந்து மயிர்வாக்கு எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கம் சாயும். ஆடுகிறவர்கள் அதைக் கணக்குப் போட்டே நடுப் பாக்கெட்டுக்கு அடிக்கிறார்கள். உங்கள் மேசையில் எல்லாக் கணக்கும் எதிராக ஆகிறது. வேகமாக அடித்தால் தெரியாது, மெதுவாக அடித்தால்தான் காட்டிக் கொடுக்கும். நீங்கள் சொன்ன அடையாளம் அத்தனையும் பொருந்துகிறது.

கவலைப்படாதீர்கள், துணியைக் கழற்ற வேண்டாம். மேசையின் தலையையும் காலையும் மாற்றிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவுதானே? பழைய கோட்டை மெல்லப் பிரஷ் போட்டு மங்க வையுங்கள். இப்போது கருப்பு வைக்கும் பக்கத்துக் குஷனிலிருந்து (பந்து மோதித் திரும்பும் விளிம்பு) 29 அங்குலம் அளந்து புதுப் பாக் கோடு. அதன் நடுவிலிருந்து பதினொன்றரை அங்குலம் ஆரத்தில் டி என்ற அரைவட்டம். எதிர்ப்பக்கக் குஷனிலிருந்து பன்னிரண்டே முக்கால் அங்குலத்தில் கருப்புப் பந்தின் புள்ளி. நீலம் நடுவில், அதற்கு மாற்றம் இல்லை. அந்தக் குஷனுக்கும் நீலத்துக்கும் சரிபாதியில் பிங்க். வியாழக்கிழமை நானே வருகிறேன், கூலி வேண்டாம். பழைய மேசையைக் கண்ணால் பார்த்தால் போதும்.

ஹால் வளவு வாசலைப் பார்த்து இருந்தால் ஒன்று செய்யுங்கள். மழைக்காலத்தில் கதவைச் சாத்தி வையுங்கள். ஈரம் இறங்கினால் துணி கனத்துப் பந்து ஓடாது. பெரிய போட்டிகளில் கல்லுக்கு அடியில் சூடு வைப்பது அதற்காகத்தான்.


பழைய பேரேடு எழுதியது:

படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. மூன்றாண்டாகக் கல்லைச் சந்தேகப்பட்டிருக்கிறார், உள்ளங்கையால் ஒரு தடவு தடவியதில் விடை கிடைத்துவிட்டது.


செக்காலைக்காரன் எழுதியது:

அப்படியானால் மூன்று மேசை. எட்டுப் பங்கு ஐயா, பங்காளிகள் என்ன சொல்வார்கள்?

இன்னொரு பக்கம் இரட்டையர் விதியை முடிவு செய்ய வேண்டும். விதிப் புத்தகத்தில் நால்வர் ஆட்டம் என்று இருப்பது முறை மாற்றி ஆடுவது. நான் மேசைக்கு வந்தால் தவறும்வரை நானே அடிப்பேன், எதிரணி ஆள் வருவார், பிறகு என் கூட்டாளி. இன்னொன்று ஸ்காட்ச் டபுள்ஸ். ஒரே பிரேக்குக்குள், அதாவது பந்து விழ விழத் தொடர்ந்து அடிக்கும் முறைக்குள், நான் ஒரு அடி, கூட்டாளி ஒரு அடி. நான் ரெட் பந்தைப் போட்டால் அடுத்த கலர் பந்தை அவர் போட வேண்டும்.

நான் இரண்டாவதையே கேட்கிறேன்.


கோட்டையூரான் எழுதியது:

அணி ஆட்டம் வேண்டாம் என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது. ஆனால் வைப்பதென்று ஆகிவிட்டால் ஸ்காட்ச் டபுள்ஸ்தான் சரி. முறை மாற்றி ஆடினால் அது இரண்டு ஒற்றையரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதுதான்.

புத்தகத்தில் இருக்கும் இரண்டு விஷயத்தை விடாதீர்கள். ஒன்று, ஆடும் வரிசை. ஃபிரேம் தொடங்கும்போது வைத்த வரிசை முடியும்வரை மாறக் கூடாது, வரிசை தப்பி அடித்தால் ஃபவுல். இரண்டு, பேச்சு. கூட்டாளிகள் கலந்து பேசலாம், ஆனால் ஒருவர் மேசையில் நிற்கும்போது கூடாது, முதல் அடி அடித்துவிட்டால் அந்தப் பிரேக் முடியும்வரை கூடாது. ஜாடையும் கூடாது. இதை உறுதியாகப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ரெஃப்ரியாக நான் வருகிறேன்.


ஆச்சிமகள் எழுதியது:

ரெஃப்ரி அண்ணன் கையுறை கொண்டுவருவார் என்று நம்புகிறேன். பந்தைத் துடைத்து வைக்கும்போது பார்க்கவே நன்றாக இருக்கும்.


எட்டுப் பங்கு எழுதியது:

பங்காளிகளிடம் பேசிவிட்டேன். ஆறு பேர் உடனே சரி என்றார்கள். அதில் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார், போட்டோ அனுப்பினால் போதும் என்றார். விற்றுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பெரியப்பா மகன். அவர் நேரில் வந்தார். வியாழக்கிழமை பச்சைத் துணி தம்பி கோடு போட்டு முடித்த நேரம். நீலப் பந்தை வைத்து மெதுவாக உருட்டிக் காட்டினார். நடுப் பாக்கெட்டுக்குக் கடைசி ஒரு சாண் இருக்கும்போது பந்து லேசாகச் சாய்ந்தது, ஆனால் இந்த முறை கருப்புப் பக்கம். கணக்கு வைத்து அடித்த அடி என்பதால் சத்தமில்லாமல் விழுந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் பாக்கெட் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா இப்படித்தான் சத்தமில்லாம போடுவாக" என்றார். அப்புறம் க்யூவை வாங்கினார். இருவரும் இருட்டும்வரை ஆடினோம். எங்களுக்குள் ஆறேழு ஆண்டாக நல்ல பேச்சு இல்லை, வாசல் கணக்கு, கூரை ஓட்டுக் கணக்கு என்று ஆயிரம் இருந்தது. அன்று ஸ்கோரை மட்டும்தான் பேசிக்கொண்டோம்.

அவரும் நானும் கானாடுகாத்தான் அணி. எழுதிக்கொள்ளுங்கள்.


பழைய பேரேடு எழுதியது:

என்ன சொல்வதென்று தெரியவில்லை ஐயா. மனம் நிறைந்தது.


முதலாண்டு மாணவன் எழுதியது:

சனிக்கிழமை கிளப்பில் ஒத்திகையாக ஒரு இரட்டையர் ஃபிரேம் ஆடினோம். நடந்ததை எழுதச் சொன்னார்கள்.

என் கூட்டாளியும் புதுவயல்தான், பள்ளியிலிருந்து பழக்கம். எதிரே செக்காலை அண்ணனும் ஆச்சியும். எனக்கு ஒரு ரெட் மேல் மூலைப் பாக்கெட்டுக்கு அருகில் கிடைத்தது, போட்டுவிட்டேன். வெள்ளையை நான் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் அழகாக நிறுத்தினேன். கருப்புப் பக்கம் பார்த்து நின்றால் இடப்பக்கக் குஷனை ஒட்டி, நீலத்துக்கு நல்ல கோணம். எனக்கு அது ரொம்பப் பிடித்த இடம். மனதுக்குள் பாராட்டிக்கொண்டே திரும்பினால், கூட்டாளி மேசையைச் சுற்றிச் சுற்றி வருகிறான். அவன் இடதுகைக்காரன்! எனக்கு வெளியே நின்று சொகுசாக அடிக்கும் இடம், அவன் உடம்பை மேசை மேல் பரப்பினாலும் எட்டாத இடம். ரெஸ்ட் என்ற தாங்குகோலை எடுத்தான், நீலம் முனையில் இடித்துத் திரும்பியது. அங்கிருந்து ஆச்சியும் அண்ணனும் மாறி மாறி 31 எடுத்தார்கள்.

எட்டு ஆண்டாக அவனோடு ஆடுகிறேன், அவன் இடதுகைக்காரன் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவன் அடிக்கப் போகும் பந்தை ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அடுத்த வாய்ப்பில் ரெட் பந்தைக் கொஞ்சம் கடினமான வழியில் போட்டு, வெள்ளையை வலப்பக்கம் விட்டேன். எனக்கு அது பிடிக்காத இடம். அவன் வந்து சாதாரணமாக நின்று கருப்பைப் போட்டான். ஃபிரேமைத் தோற்றோம், 22 புள்ளி வித்தியாசம். ஆனால் அந்த ஒரு கருப்பு விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.


கோட்டையூரான் எழுதியது:

தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒற்றையர்தான் பெரிது என்பதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் வலப்பக்கம் விட்ட அந்த அடியை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.


செக்காலைக்காரன் எழுதியது:

இதுவரை ஏழு அணி உறுதி. கண்டனூர் மட்டும் பாக்கி, அங்கே ஆடத் தெரிந்த இருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், தெரிந்தவர்கள் சொல்லி அனுப்புங்கள். ஆட்ட வரிசையை அணியே முடிவு செய்து, ரெஃப்ரியிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அரையிறுதிக்குப் பிறகு மூன்று ஃபிரேம் எடுத்தவுடன் ஆட்டம் முடியும்.

கிளப்பில் இரண்டு மேசை, கானாடுகாத்தானில் ஒன்று. அங்கே போக வர வண்டி நான் ஏற்பாடு செய்கிறேன். மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டிலேயே என்று எட்டுப் பங்கு ஐயாவின் வீட்டு ஆச்சி சொல்லிவிட்டார்கள், மறுக்க முடியவில்லை. சாயங்காலம் வெள்ளைப் பணியாரமும் உண்டாம்.

எல்லோரும் சொந்த க்யூ கொண்டுவாருங்கள். சாக் நான் வாங்கி வைக்கிறேன், பச்சை மட்டும். நீலச் சாக் துணியில் கறை விடுகிறது என்று பச்சைத் துணி தம்பி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.


ஆச்சிமகள் எழுதியது:

எனக்குக் கூட்டாளி கிடைத்தாயிற்று. பள்ளத்தூரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அத்தை பேத்தி. ஆறு மாதமாகத்தான் ஆடுகிறாள். நேற்று முதல் கேள்வியே, "ஆச்சி, நீங்க எந்தக் கை?" என்பதுதான். இந்த இழையைப் படித்திருக்கிறாள்.